ராகம் எங்க போட்டீங்க?

தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தில் பாட்டைவிட அதன் தலைமேல் நிற்கும் வரிதான் முக்கியம். சந்தேகம் இருந்தால் ஒரு கீபோர்டு முன்னால் உட்கார்ந்து பாருங்கள். ‘ஸ ரி க ம ப த நி ஸ’ என்று தாளில் இருக்கிறது. மேலே ‘ராகம்: சங்கராபரணம்’ என்று போட்டிருந்தால் விரல் வெள்ளைக் கட்டையிலேயே நேராக ஏறிப்போகும். ‘மாயாமாளவகௌளை’ என்று போட்டிருந்தால் ரியும் தவும் கறுப்புக் கட்டைக்குப் போய்விடும். தாய் ராகக் கணக்கில் ஒன்று 29ஆவது மேளம், மற்றது 15ஆவது. எழுத்து ஒன்றுதான், புள்ளி ஒன்றுதான், கோடு ஒன்றுதான். எந்த ரி என்று சொல்வது தலைப்பு வரி மட்டுமே. அதைக் கிழித்துவிட்டால் மிச்சம் இருப்பது ஏழு எழுத்து.

ஸ்டாஃப் நொட்டேஷனில் இந்தச் சங்கடம் இல்லை. ஐந்து கோட்டின் தொடக்கத்திலேயே எந்தச் சுரம் ஏறும், எது இறங்கும் என்று குறி போட்டுவிடுவார்கள். தலைப்பில் பாட்டின் பெயரும் போட்டவர் பெயரும் இருந்தால் போதும், இல்லாவிட்டாலும் வாசித்துவிடலாம். அதனால்தான் வெள்ளைக்காரன் செய்த இசைக் கருவிகளிலும் மென்பொருளிலும் தலைப்பு என்பது ஜோடனைக் கணக்கில் வருகிறது. நம் பக்கத்தில் அது பாட்டின் கணக்கு. இந்த வித்தியாசம் அச்சுத் தொழிலை நூற்றைம்பது வருஷமாக எப்படி ஆட்டிவைத்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் இசைக்காரன் இல்லை. ஜோலார்பேட்டை ஸ்டேஷன் பக்கத்தில் அப்பா விட்டுப்போன அச்சகத்தை நடத்துகிறவன்.

எங்கள் ஊரை வெளியூர்க்காரர்களுக்கு ரயில் மாறும் இடமாகத்தான் தெரியும். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் ஓடிய ரயில் மேற்கே நீண்டு வந்து, 1864இல் இங்கிருந்து பெங்களூருக்கும் பிரிந்தபோது உண்டான ஊர் இது. 2019இல் சென்னைக்குத் தண்ணீர் ரயில் போனபோது நாலு நாள் பேப்பரில் பெயர் வந்தது. அந்த வருஷக் கடைசியில் வேலூர் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூர் மாவட்டத்துக்கு மாறினோம், எல்லாருடைய லெட்டர்ஹெட்டையும் திரும்ப அடித்தேன். மற்றபடி ஆம்பூர், வாணியம்பாடி தோல் கம்பெனிகளின் வவுச்சர், கேட் பாஸ், சம்பளச் சீட்டு. இவை வருஷம் முழுக்க. பாட்டுப் புத்தகம் சீசன் வேலை. ஆடியில் அம்மன் தாலாட்டு, கார்த்திகையில் ஐயப்ப பஜனை, டிசம்பரில் கேரல் பாட்டு.

அப்பா சேர்த்து வைத்திருந்த பழைய தாள்களில் குஜிலிப் பாட்டுகள் சில உண்டு. சென்னை குஜிலிக் கடைத் தெருவின் பெயரில் வழங்கிய மலிவுச் சிறு புத்தகங்கள். எட்டுப் பக்கம், பதினாறு பக்கம். கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, ரயில் விபத்து, நாடகப் பாட்டு. சந்தையிலும் ரயிலிலும் பாடிக்கொண்டே விற்பார்கள். இவற்றில் ஒரு சுரம்கூட இருக்காது. ஆனால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று ஒரு வரி இருக்கும். ஊருக்கே தெரிந்த ஒரு நாடகப் பாட்டின் முதல் அடியைப் போட்டு, அந்த மெட்டில் பாடிக்கொள் என்று விட்டுவிடுவது. இசையைக் காகிதத்தில் இறக்க இதைவிடச் சிக்கனமான முறை உலகத்தில் எங்கும் கிடையாது என்பது என் அபிப்பிராயம். சுரக்குறி கற்றவன் நூற்றில் ஒருவன், மெட்டுத் தெரிந்தவர்கள் தொண்ணூறு பேர். அச்சுக்கோப்பவரும் இதை உணர்ந்தே வேலை செய்திருக்கிறார்: பாட்டைப் பொடி எழுத்தில் நெருக்கி, வர்ணமெட்டு வரியை மட்டும் அடைப்புக்குள் தனியாக, கண்ணில் படுகிற மாதிரி நிறுத்தியிருக்கிறார்.

சர்ச் புத்தகங்களும் இதே வழிதான். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்தார். அதில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாட்டுகளும் உண்டு. இன்றைக்கும் எந்தச் சபையின் கீர்த்தனைப் புத்தகத்தைப் பிரித்தாலும் பாட்டெண்ணுக்குக் கீழே ராகமும் தாளமும் இருக்கும். பாடுகிற சனத்தில் பாதிப்பேர் அந்த வரியைப் பார்ப்பதே இல்லை. ஆனாலும் அதை எடுத்துவிட்டுப் புத்தகம் போட எந்தப் போதகருக்கும் மனசு வராது.

அந்தக் காலத்தில் இங்கிலாந்திலும் ஒருவர் கோடு போடாமல் இசையை அச்சடிக்க வழி தேடிக்கொண்டிருந்தார். ஜான் கர்வென் என்ற பாதிரியார். நார்விச் ஊரின் சாரா குளோவர் என்ற ஆசிரியை கண்டுபிடித்த முறையை எடுத்துச் செப்பனிட்டு ‘டானிக் சோல்ஃபா’ என்று பரப்பினார். டோ, ரே, மீ எல்லாம் முதல் எழுத்து மட்டும். காலத்துக்கு முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் தோளில் ஒரு சின்னக் கீறல், கீழ் ஸ்தாயிக்கு அடியில் ஒன்று. எந்தப் பட்டிக்காட்டு அச்சகத்தின் கேஸிலும் இருக்கும் எழுத்தே போதும். மிஷனரிகள் இதைக் கப்பலேற்றி ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் என்று கொண்டுபோனதற்குக் காரணமும் அதுதான். இதில் எனக்குப் பிடித்த சங்கதி: சோல்ஃபா தாளிலும் தலைப்பு வரியில்தான் சாவி. டோ எந்தச் சுருதியில் நிற்கிறது என்று மேலே எழுதினால்தான் கீழே உள்ள எழுத்துக்கு உயிர். எழுத்தால் இசையை எழுதுகிறவன் எந்த தேசத்தில் இருந்தாலும் தலைப்பைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இதில் பெரிய பணத்தையும் ஆயுளையும் போட்டவர்கள் உண்டு. சென்னை அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த ஏ. எம். சின்னசாமி முதலியார், நம் கீர்த்தனைகளை ஸ்டாஃப் நொட்டேஷனில் ஏற்றி 1892-93இல் வெளியிட்டார். புதுப்பேட்டை ஆவே மரியா அச்சகம். பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் சுப்பராம தீட்சிதரிடம் அவருடைய குடும்பச் சொத்தான பாடாந்தரத்தை அச்சேற்றும்படி கேட்டுத் தூண்டியவரும் அவரே. சமஸ்தானம் செலவை ஏற்றுக்கொண்டது. எட்டயபுரத்திலேயே வித்யா விலாசினி அச்சகம். 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வந்தது, தெலுங்கு எழுத்தில்.

சங்கீதக்காரர்கள் அந்தப் புத்தகத்தில் முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளைப் பார்ப்பார்கள். எனக்குத் தெரிவது அச்சுக்கோப்பவரின் கை. நொக்கு, கம்பிதம், ஜாரு, ரவை, ஸ்புரிதம் என்று ஒவ்வொரு கமகத்துக்கும், அதாவது சுர அசைவுக்கும், தனிக் குறி. நெளிகோடு, சாய்கோடு, எதிர்ச் சாய்கோடு. சுர எழுத்துக்கு மேலே ஒரு அடுக்கு, ஸ்தாயிப் புள்ளிக்கு ஒரு அடுக்கு, வேகத்துக்கு ஒரு கோடு, கீழே சாகித்தியம். ஈய எழுத்து காலத்தில் ஒரு வரி என்று நாம் பார்ப்பது அச்சுக் கோக்கும் ஸ்டிக்கில் நாலைந்து வரி. ஒவ்வொரு குறியும் தன் சுரத்துக்கு நேர் மேலே நிற்க, இடையில் வெற்று ஈயத்தை அடைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு துண்டு கூடினால் கமகம் அடுத்த சுரத்தின் தலையில் போய் உட்காரும். புரூஃப் பார்க்கிறவருக்குத் தெலுங்கும் தெரிய வேண்டும், சங்கீதமும் தெரிய வேண்டும். ஆயிரத்துக்கு மேல் பக்கம் இப்படி. கரிசல் காட்டுச் சமஸ்தானத்தில், மின்சாரம் இல்லாத காலத்தில்.

அதிலும் ராகத்துக்குத்தான் முதல் மரியாதை. முதலில் ராகத்தின் பெயர், லட்சணம், அதன் சுரப் போக்கு. பிறகுதான் கீதம், கீர்த்தனை. தலைப்பே பல வரி நீளும். இந்த நூலைச் சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் பகுதி பகுதியாகத் தமிழ் எழுத்தில் கொண்டுவந்தது.

தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் வேறு ரகம். சித்த மருந்து விற்ற காசில் இசை மாநாடு கூட்டியவர். ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வெளிவந்தபோது அதை அடித்தது அவருடைய சொந்த லாலி மின்சார அச்சகம். ஒருவர் தன் நூலைச் சொந்த அச்சகத்திலேயே அடித்தார் என்றால், சுருதிக் கணக்கும் அட்டவணையும் சுர வரியும் கோக்க எவ்வளவு பாடு என்று நான் ஊகித்துக்கொள்கிறேன். 1943இல் தமிழ் இசைச் சங்கம் வந்தபின், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாட்டுகளைச் சுரத்தோடு வெளியிட்டது. ராகம், தாளம், ஆரோகணம், அவரோகணம், இயற்றியவர் என்று ஐந்தாறு தகவல் நெருக்கமாக நிற்கும் தலைப்பு அந்தக் காலகட்டத்தில் தமிழுக்கு வழக்கமாகிவிட்டது.

இப்போது தொழில் ரகசியம் ஒன்று. தமிழில் சுரம் கோக்கிறவனுக்குத் தெலுங்குக்காரனுக்கு இல்லாத ஒரு வசதியும் ஒரு இம்சையும் உண்டு. மேல் ஸ்தாயிக்குச் சுரத்தின் தலையில் ஒரு புள்ளி. தமிழிலோ புள்ளி ஏற்கெனவே மெய்யெழுத்தின் தலையில் குந்தியிருக்கிறது. அப்பா மேல் ஷட்ஜத்துக்கு என்ன செய்தார்? கேஸிலிருந்து ‘ஸ்’ எடுத்து வைத்தார். கண்ணுக்கு அச்சு அசல் புள்ளி வைத்த ஸ. ‘க்’, ‘ம்’, ‘ப்’, ‘த்’ எல்லாம் இப்படியே கிடைத்துவிடும். சுர வரியில் மெய்யெழுத்துக்கு வேலையே இல்லாததால் யாரும் அதை ‘இஸ்’ என்று வாசிக்கமாட்டார்கள். நெடில் வேண்டுமானால் பக்கத்தில் ஒரு கால் எழுத்து போட்டால் ‘ஸா’வும் தயார்.

மாட்டிக்கொள்வது ரியும் நியும்தான். ரி, ரீ, நி, நீ நாலும் மேல்விலங்கோடு ஒட்டி வார்த்த எழுத்துகள். புள்ளி வைத்த ரி எந்தக் கேஸிலும் கிடையாது, தமிழில் அப்படி ஓர் எழுத்தே இல்லையே. அதற்காக அப்பா சுர வரிக்கு மேலே மெலிசாக ஒரு ‘புள்ளி வரி’ கோப்பார். வெற்று ஈயம், வெற்று ஈயம், ஒரு முற்றுப்புள்ளி, மறுபடி வெற்று ஈயம். கீழ் ஸ்தாயிக்கு அடியில் இன்னொரு புள்ளி வரி. டிரெடில் மெஷின் ஓட ஓட இந்த முற்றுப்புள்ளிகள் தேய்ந்து போகும், சில சமயம் மேலே எழும்பிக் காகிதத்தைக் குத்தும். பக்கத்தைத் திருப்பித் தடவினால் எந்த ரி மேல் ரி என்று விரலுக்கே தெரியும்.

கம்ப்யூட்டர் வந்ததும் இதெல்லாம் ஒழிந்தது என்று நினைத்தோம். 1990களில் எல்லா டிடிபி கடையிலும் பேஜ்மேக்கரும் பாமினி ஃபாண்ட்டும். பாமினி என்பது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் கட்டுகிற ஃபாண்ட். ‘அம்மா’ என்று திரையில் தெரியும், உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். இங்கேதான் சுரப் புத்தகம் செத்தது. நம் சுர வரியில் கமா என்றால் ஒரு மாத்திரை நீட்டு, அரைப்புள்ளி என்றால் இரண்டு. பாமினியில் கமாவைத் தட்டினால் ‘இ’ வரும். அரைப்புள்ளியைத் தட்டினால் மெய்யெழுத்தின் புள்ளி வந்து முந்தின எழுத்தின் தலையில் ஏறும். ஆக, ‘ப’வுக்குப் பின்னால் இரண்டு மாத்திரை நீட்டு வேண்டும் என்று அரைப்புள்ளி தட்டினால் ‘ப்’ கிடைக்கும். அதாவது மேல் ஸ்தாயிப் பஞ்சமம்! நீளமாகப் பாட வேண்டிய இடத்தில் உயரமாகப் பாடச் சொல்லும் புத்தகம். ஒவ்வொரு கமாவுக்கும் ஃபாண்ட் மாற்றி, திரும்ப மாற்றி, ஒரு வர்ணம் முடிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும்.

தலைப்பு வேறு தொல்லை. பாட்டின் பெயருக்குக் கொட்டையாக ஒரு ஃபாண்ட், ராகத்துக்கு வேறொன்று என்று அலங்கரித்து ஃபைலைக் கொடுத்துவிட்டால், ஆஃப்செட் போடுகிற கடையில் அந்த ஃபாண்ட் இருக்காது. கீழே பாட்டு சரியாக வந்திருக்கும், மேலே ராகம் இருந்த இடத்தில் ஆங்கிலக் குப்பை. சென்னையில் 1999இல் நடந்த தமிழிணைய மாநாட்டில் குறியீட்டையும் விசைப்பலகையையும் ஒழுங்கு செய்தார்கள். யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் இருந்தது. ஆனால் மாநில அரசு அதை முறையாக ஏற்றதே 2010இல்தான். டிடிபிக் கடைகள் மாற இன்னும் காலமாயிற்று, சில கடைகள் இன்னும் மாறவில்லை.

எழுத்தாகத் தட்டினால் இசைத்தாளாக வருகிற மென்பொருள்கள் இதே காலத்தில்தான் வெளிநாட்டில் வளர்ந்தன. நாட்டுப்புற மெட்டுகளைக் கைவசம் எழுதி வைக்க கிறிஸ் வால்ஷா என்ற இங்கிலாந்துக்காரர் உண்டாக்கிய ஏபிசி முறை 1990களின் தொடக்கத்தில் கணினிக்கு வந்தது. அதில் ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எழுத்து. டி என்றால் தலைப்பு, சி என்றால் இயற்றியவர், எம் தாளம், கே சுருதியும் சுரக்கூட்டமும். கே வரி கடைசியாகத்தான் வர வேண்டும், அது வந்தால் தலைப்புப் பகுதி முடிந்தது, பாட்டு தொடங்கிவிட்டது என்று பொருள். நம் பழைய புத்தகத்தில் ராகம், தாளம் போட்டபிறகு பல்லவி தொடங்குவது போலவே. 1996இல் ஹாலந்தில் ஹான்-வென் நீன்ஹாயிஸும் யான் நியூவன்ஹாயிசனும் தொடங்கிய லிலிபாண்ட் இன்னும் கறாரானது. கையால் செதுக்கிய பழைய உலோகத் தகட்டு இசைத்தாள்களின் அழகைக் கணினியில் கொண்டுவர வேண்டும் என்று கங்கணம் கட்டி, சுரப்புள்ளிகளுக்கே சொந்தமாக ஃபாண்ட் வரைந்தார்கள். இவை இரண்டிலும் மேல் ஸ்தாயிக்கு ஒற்றை மேற்கோள், கீழ் ஸ்தாயிக்குக் கமா. கர்வெனின் கீறல்தான் வேறு உருவத்தில்.

வாணியம்பாடியில் கீபோர்டு சொல்லித்தரும் தம்பி ஒருவர், பிள்ளைகளுக்கு ஸ்டாஃப் நொட்டேஷனும் தமிழ் வரிகளும் சேர்ந்த புத்தகம் வேண்டும் என்று வந்தார். லிலிபாண்டைக் காட்டியவரும் அவரே. மாதிரிக்கு ஒரு பக்கம் எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கியதும் அவர் கேட்டது, “அண்ணா, ராகம் எங்க போட்டீங்க?”

“கோட்டுலயே குறி இருக்கே தம்பி.”

“அது எனக்குத் தெரியுது. பசங்களோட பாட்டிங்க வீட்ல கேப்பாங்களே.”

லிலிபாண்டின் தலைப்பில் அர்ப்பணம், தலைப்பு, துணைத்தலைப்பு, வாத்தியம், கவிஞர், இசையமைத்தவர் என்று வரிசையாகக் கட்டம் உண்டு. ராகத்துக்குக் கட்டம் இல்லை. துணைத்தலைப்பில் ராகத்தைப் போட்டால் முதல் பாட்டுக்கு நன்றாக வரும், அதே ஃபைலில் அடுத்த பாட்டுக்கு வராது. அந்தக் கட்டங்கள் புத்தகத்தின் தலைக்கு உரியவை. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் தானாக அச்சாகிறவை இரண்டுதான்: இடது ஓரத்தில் பகுதியின் பெயர், வலது ஓரத்தில் ‘ஓபஸ்’ எண், அதாவது பீத்தோவன் மாதிரி ஆட்களின் படைப்பு வரிசை எண். இடப்பக்கம் ராகத்தைப் போட்டேன். ஓபஸ் இடத்தில் ஆதி தாளம் போய் உட்கார்ந்தது. நம் பழைய கீர்த்தனைப் புத்தகங்களில் இடது ராகம், வலது தாளம் என்று போடுவார்களே, அதே அமைப்பு.

ஃபாண்ட் வேலை அதற்குப் பிறகு. அந்த மென்பொருளோடு வருகிற எழுத்துரு ஆங்கிலத்துக்கானது. தமிழ் எழுத்தைக் கண்டால் கணினியில் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு தமிழ் ஃபாண்ட்டை இழுத்துக்கொள்ளும். பாட்டின் பெயரைத் தடித்த எழுத்தில் கேட்டால், அந்த ஃபாண்ட்டில் தடித்தது இல்லாவிட்டால் சோனியாகவே வரும். அதனால் ஃபாண்ட்டின் பெயரைச் சொல்லியே கட்டளை எழுத வேண்டும். தலைப்புக்கு நோட்டோ செரிஃப் தமிழ், பாட்டு வரிக்கு மீரா இனிமை என்று வைத்துக்கொண்டேன். ராக வரிக்கும் தலைப்பின் ஃபாண்ட்டே, அளவில் மட்டும் ஒரு படி கீழே. அதைப் பாட்டு வரியின் கூட்டத்தில் சேர்க்க எனக்கு இஷ்டமில்லை. தமிழ்ச் சுர வரியில் மட்டும் மேல் ஸ்தாயி ரி இன்னும் முரண்டு பிடிக்கிறது. ரியின் மேல் புள்ளி வைத்தால் ஒரு கணினியில் மேல்விலங்கின் உச்சியில் ஏறுகிறது, இன்னொன்றில் தள்ளிப்போய் நிற்கிறது, மற்றொன்றில் வெற்று வட்டம் காட்டுகிறது. அப்பா வழியில் புள்ளி வரியைத் தனியாகவே அடுக்குகிறேன். குத்துவதில்லை என்பது ஒன்றுதான் லாபம்.

கடைசிப் பக்கத்தின் அடியில் லிலிபாண்ட் தன் பெயரை ஒரு வரி அச்சடித்துக்கொள்ளும். அதை அணைக்கவும் செய்யலாம், மாற்றி எழுதவும் செய்யலாம். கீபோர்டுப் புத்தகத்துக்குக் காகிதச் செலவை ஏற்ற தோல் வியாபாரி ஒருவரின் பெயரை ‘உபயம்’ என்று அந்த இடத்தில் போட்டு புரூஃப் அனுப்பினேன். பாட்டெல்லாம் சரி, ராகம் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுத்தான் திருப்பினார்கள். உபயத்தை மட்டும் பக்கத்துக்கு மேலே ஏற்றி, பாட்டின் பெயரைவிட நாலு பாயிண்ட் கூட்டச் சொல்லியிருந்தது. அர்ப்பணம் என்ற கட்டம் காலியாகத்தான் இருந்தது. அதில் ஏற்றிவிட்டேன், அளவு பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.